பழைய ஸ்லாவிய எழுத்தைக் கணினியில் ஏற்றுவது: முதலில் எண், பிறகு வடிவம்

பாமினியில் அடித்த கடிதத்தை பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன வரும் என்பது திருகோணமலையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். தமிழ் காணாமல் போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் நிற்கும். ஏனென்றால் அந்தக் கோப்புக்குள் தமிழ் ஒருபோதும் இருந்ததில்லை. இருந்தவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது எழுத்துரு.

கிளாகோலிட்டிக் என்ற பழைய ஸ்லாவிய எழுத்துக்கும் இதுவே நேர்ந்தது. யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரம்; 2005இல் வெளிவந்த அதன் 4.1 பதிப்பில்தான் கிளாகோலிட்டிக்குக்குத் தனி இடம் கிடைத்தது. அதற்கு முன் வந்த எழுத்துருக்கள் ஆங்கில அல்லது சிரிலிக் எழுத்தின் எண்ணிலேயே கிளாகோலிட்டிக் உருவத்தை வரைந்து வைத்தன. அந்தப் பழைய எழுத்துருக்கள் இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பார்க்க அழகாகவும் இருக்கின்றன. அவற்றை இறக்கி வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்குப் பெயர்ப்பலகையும் ரீ சேட்டும் அடித்துக் கொடுப்பவர்கள், கோணேசபுரி வளாகத்தில் எழுத்துக் குறியாக்கத்தைச் செயற்றிட்டமாக எடுக்கும் மாணவர்கள், வெளிநாட்டுத் தரவு உள்ளீட்டு வேலையை வீட்டிலிருந்து செய்பவர்கள் ஆகியோருக்கு இந்தக் குறிப்பு. மூவருக்கும் வேலை ஒன்றுதான்: எழுத்துக்கு உரிய எண்ணைப் பிடிப்பது, அந்த எண் கடைசிவரை சிதையாமல் பார்த்துக்கொள்வது.

இங்கே எழுத்துகளைப் பெயராலும் தசம எண்ணாலும் மட்டுமே குறிக்கிறோம். எழுத்தையே அச்சிட்டால் எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் பெட்டிதான் தெரியும். யூனிகோட் அட்டவணைகள் பதினறும (16ஐ அடியாகக் கொண்ட) எண்ணில் இருக்கும். 2சி00 என்று அங்கே போட்டிருப்பது இங்கே 11264. எக்செலும் இணையப்பக்கக் குறியும் தசமத்தை நேராக ஏற்பதால், கடை வேலைக்குத் தசமமே வசதி.

எந்த எழுத்து என்று முதலில் பிரித்தறியுங்கள்

"பழைய ரஷ்ய எழுத்து" என்று வாடிக்கையாளர் சொல்லுவார். அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தெசலோனிக்காவில் பிறந்த சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் 863 அளவில் மொராவியாவுக்குப் போன பணியோடு சேர்ந்தது கிளாகோலிட்டிக். அந்த நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, கிரேக்கப் பெரிய எழுத்தை அடியாகக் கொண்டு பல்கேரியாவில் உருவானது சிரிலிக். பெயர் சிரிலுடையது; ஆனாலும் அவர் ஆக்கியது கிளாகோலிட்டிக் என்பதே அறிஞர்களின் பொதுக் கருத்து. ரஷ்யா, பல்கேரியா, செர்பியா பக்கம் சிரிலிக் பரவியது. கிளாகோலிட்டிக்கை நெடுங்காலம் பிடித்து வைத்திருந்தவர்கள் குரோவேசியர். அவர்களுடைய முதல் அச்சு நூலான 1483ஆம் ஆண்டுத் திருப்பலிப் புத்தகமும் அந்த எழுத்தில்தான் வந்தது.

கண்ணால் பிரிப்பது சுலபம். சிரிலிக்கில் கிரேக்க, ஆங்கிலப் பெரிய எழுத்தின் சாயல் தெரியும். கிளாகோலிட்டிக்கில் வளையங்களும் முக்கோணங்களும் சிலுவைகளும் நிறைந்திருக்கும்; முதல் எழுத்தான அசு ஒரு சிலுவை போலவே இருக்கும். அதற்குள்ளும் பல்கேரியப் பக்கத்து வட்ட வடிவம், குரோவேசியக் கோண வடிவம் என்று இரண்டு உண்டு. கிர்க் தீவில் கிடைத்த, 1100ஐ ஒட்டிய பாஷ்கா கல்வெட்டு வட்டத்திலிருந்து கோணத்துக்கு மாறும் நிலையைக் காட்டுகிறது. வட்டம், கோணம் இரண்டுக்கும் எண் ஒன்றே. வடிவ வேறுபாட்டுக்காக எண்ணை மாற்றாதீர்கள், எழுத்துருவை மாற்றுங்கள். சிரிலிக்கும் கிளாகோலிட்டிக்கும் அப்படியல்ல. அவை இரண்டு தனி எழுத்துமுறைகள் என்பதே யூனிகோடின் தீர்ப்பு. சிரிலிக்கில் அடித்துவிட்டு எழுத்துருவால் கிளாகோலிட்டிக் ஆக்குவது மறுபடியும் பாமினிக் கதைதான்.

எண்களின் அமைப்பு

பெரிய எழுத்துகள் 11264இல் தொடங்கி 11311 வரை. சின்ன எழுத்துகள் 11312 முதல் 11359 வரை. பெரியதோடு 48ஐக் கூட்டினால் அதன் சின்னது வரும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதி வேலை குறையும்.

சின்ன எழுத்துகளை வரிசையாகச் சொன்னால்: அசு 11312, புக்கி 11313, வேதே 11314, கிளாகோலி 11315, தோப்ரோ 11316, யெஸ்து 11317, ழிவேதே 11318, த்ஸேலோ 11319, ஸெம்லியா 11320. அடுத்து மூன்று இகரங்கள், 11321, 11322, 11323. பிறகு தெர்வி 11324, காக்கோ 11325, லியுதியே 11326, மிஸ்லிதே 11327, நாஷி 11328, ஓனு 11329, பொக்கோயி 11330, ரித்ஸி 11331, ஸ்லோவோ 11332, த்விர்தோ 11333, உக்கு 11334. இதற்குப் பின் வருபவற்றில் தவறு அதிகம் நடப்பது நான்கில்: யெரு 11343, யெரி 11344, சின்ன யுஸ் 11348, பெரிய யுஸ் 11352.

யெருவும் யெரியும் என்ன என்று தமிழர்களுக்குச் சொல்லித்தர அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ஒன்று குறுகி ஒலித்த உகரம், மற்றது குறுகி ஒலித்த இகரம். நம் குற்றியலுகரத்தையும் குற்றியலிகரத்தையும் நினைத்துக்கொண்டால் போதும். இந்தச் சுவடிகளின் மொழியான பழைய திருச்சபை ஸ்லாவிக்கில் சொல் மெய்யில் முடியாது. இந்தக் குறுகிய உயிர்களில் ஒன்று கடைசியில் நிற்கும். "ஒலிக்காத எழுத்துத்தானே" என்று அதை விட்டுவிட்டு அடித்தால் சொல் கெட்டுவிடும். யுஸ் இரண்டும் மூக்கொலி உயிர்கள்.

மூன்று இகரங்களில் எதைப் போடுவது என்பதை ஒலியை வைத்து முடிவுசெய்ய முடியாது. மூலப் படத்தில் இருக்கும் உருவத்தை யூனிகோட் அட்டவணையோடு ஒப்பிட்டே போட வேண்டும். இரட்டை எழுத்தான யெரு-இகரக் கூட்டு ஒலிக்குத் தனி எண்ணைத் தேடி அலையாதீர்கள். அதை யெருவும் இகரமுமாக இரண்டு எண்களில்தான் எழுத வேண்டும்.

பெரியதா சின்னதா என்ற கேள்வியும் எழும். பழைய சுவடிகளில் இந்த வேறுபாடு கிடையாது. ஆகவே உடல் பகுதி முழுவதையும் சின்ன எழுத்திலேயே ஏற்றுங்கள். பத்தித் தொடக்கத்தில் அலங்கரித்துப் பெரிதாக வரைந்த எழுத்து இருந்தால் மட்டும் பெரிய எழுத்தின் எண். முழுவதையும் பெரிய எழுத்தில் ஏற்றிய கோப்பு, சின்ன எழுத்தில் தேடும்போது சில மென்பொருள்களில் அகப்படாது.

எக்செலில் ஏற்றும் முறை

இந்த எழுத்துக்கென்று விசைப்பலகை நிறுவலாம். ஆனால் ஓரிரு வேலைக்கு எக்செல் போதும். தவறையும் அது சீக்கிரம் காட்டிக் கொடுக்கும். எக்செல் 2013இலிருந்து, எண்ணை எழுத்தாக்கும் யூனிசார் என்ற ஃபங்ஷனும், எழுத்தை எண்ணாக்கும் யூனிகோட் என்ற ஃபங்ஷனும் இருக்கின்றன. லிப்ரே ஆஃபிஸிலும் இரண்டும் உண்டு.

முதல் தாளில் அட்டவணை போடுங்கள். இரண்டாவது நிரலில் 11312 என்று தொடங்கி ஒன்று ஒன்றாகக் கூட்டி 48 வரிசை இழுத்துவிடுங்கள். முதல் நிரலில் ஒவ்வொன்றுக்கும் சுருக்கப் பெயர். யெரு, யெரி என்று ஒரு குறி மட்டுமே வேறுபடும் பெயர்களை வைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குக் களைத்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். குறு-உ, குறு-இ என்று வையுங்கள். சுருக்கப் பெயரில் ஒகர ஓகாரக் குறி வராமல் இருந்தாலும் நல்லது. ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் 3018 என்ற ஒற்றை எண்ணாகத் தரும்; வேறு சில 3014, 3006 என்று கொம்பையும் காலையும் இரண்டாகத் தரும். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாமல் போகலாம்.

இரண்டாவது தாளில் ஒரு வரிசைக்கு ஓர் எழுத்து. முதல் நிரலில் பக்கமும் வரியும், அடுத்ததில் சுருக்கப் பெயர், மூன்றாவதில் விலுக்கப் (முதல் தாளின் அட்டவணையில் தேடி எடுக்கும் ஃபங்ஷன்) கொண்டு எண், நான்காவதில் யூனிசார். விலுக்கப்பின் கடைசி இடத்தில் பூச்சியம் போட மறக்காதீர்கள். மறந்தால் எக்செல் "கிட்டத்தட்ட" பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பிழை என்றும் சொல்லாது, தவறான எழுத்தை அமைதியாக வைத்துவிடும். இந்த வேலையில் மிக மோசமான தவறு இதுதான், ஏனென்றால் கிளாகோலிட்டிக் தெரியாத கண்ணுக்கு விளைவு சரியாகவே தெரியும்.

ஒரு சொல்லை முழுமையாகப் பார்ப்போம். "கை" என்பதற்கு அந்த மொழியில் ரோங்கா. ஓகாரம் மூக்கில் ஒலிக்கும். ரித்ஸி, பெரிய யுஸ், காக்கோ, அசு: 11331, 11352, 11325, 11312. நான்கு எண், நான்கு எழுத்து. இதையே "ர, ஓ, ன, க, அ" என்று காதில் விழுந்தபடி பிரித்து ஐந்தாக்கினால் அது வேறு சொல். இணையப்பக்கத்தில் போடுவதானால் ⱃⱘⰽⰰ என்று எழுதினால் போதும். வேர்ட்டில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க எண்பலகையில் 11331 அடித்து விட்டாலும் எழுத்து வரும். எண்பலகை இல்லாத மடிக்கணினியில் அது நடக்காது. மேல்வரிசை எண்கள் இதற்கு உதவா.

மேலே ஏறும் குறியும் எழுத்தும்

சுவடி எழுதியவர்கள் புனிதச் சொற்களைச் சுருக்கி, மேலே ஒரு கோடு இட்டார்கள். "போகு" என்றால் கடவுள். பெரும்பாலும் நடு உயிரை விட்டுவிட்டு எழுதுவார்கள். கிளாகோலிட்டிக்கில் புக்கி 11313, கிளாகோலி 11315, மேற்கோடு 42607, யெரு 11343. கோட்டின் எண் அது எந்த எழுத்தின் மேல் நிற்கிறதோ அதற்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் அல்ல. தமிழில் 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் கோப்பில் 'க'வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதே ஒழுங்குதான் இங்கும். 42607ஐயும் வளைந்த மேற்குறியான 1159ஐயும் கிளாகோலிட்டிக், சிரிலிக் இரண்டுக்கும் பொதுவானவை என்று யூனிகோட் தரவு குறிக்கிறது. சிரிலிக்கில் வழக்கமாக வரும் சுருக்கக் குறியான தித்லோவின் எண் 1155.

சுருக்கத்தை விரித்து எழுதலாமா என்று கேட்டால், மூலப் பிரதியில் கூடாது. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. பிரதி எடுப்பவர் புள்ளி சேர்த்தால் அது அவருடைய வாசிப்பு, கல்லில் உள்ளது அல்ல. பிரெட்ரிக் கோட்டை வாசல் கல்லை நின்று பார்த்தவர்களுக்கு, சிதைந்த எழுத்தை ஊகத்தால் நிரப்புவது எவ்வளவு ஆபத்து என்பது புரியும். விரித்த வடிவத்துக்கு எக்செலில் தனி நிரல் வையுங்கள்.

சில இடங்களில் கோட்டுக்குப் பதிலாக முழு எழுத்தே சின்னதாக மேலே ஏறி நிற்கும். அதற்கு 2016இல் யூனிகோட் 9.0 பதிப்பில் 38 மேலெழுத்துகள் வந்தன. 122880இல் தொடங்கி 122922 வரையில் நடுநடுவே சில இடங்கள் காலி. எண் 65535ஐத் தாண்டிவிட்டதால் இவை எக்செலின் பல பதிப்புகளில் நீள எண்ணிக்கையில் ஒன்றுக்கு இரண்டாக எண்ணப்படும். அவற்றில் நடுவில் வெட்டும் ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் எழுத்து இரண்டு துண்டாகி, இரண்டும் பயனற்றுப் போகும்.

சிரிலிக் வேலை வந்தால்

இன்றைய ரஷ்ய விசைப்பலகையில் இருப்பதை வைத்துப் பழையதை அடிப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. ரஷ்ய எழுத்தின் கடைசியில் உள்ள 'யா' (சின்னது 1103) பழைய எழுத்தில் இல்லை. அந்த இடத்தில் சின்ன யுஸ் 1127 இருக்கும், அல்லது இகரம் ஒட்டிய அகரம் 42583 இருக்கும். எது என்பதை மூலம்தான் சொல்லும். யாத் 1123, பெரிய யுஸ் 1131, ஒமேகா 1121. உகரத்துக்கு 1145 என்ற பழைய எண் இன்னும் அட்டவணையில் இருக்கிறது. அதைப் போடாதீர்கள். அது பக்கம் பக்கமாக நிற்கும் உருவமா, மேலே கீழே அடுக்கிய உருவமா என்று எழுத்துருக்கள் ஒத்துப்போகவில்லை. அடுக்கியதற்கு 42571, பக்கமாக நிற்பதற்கு 1086உம் 1091உம் தனித்தனியே.

அழகுக்காக ஆசைப்பட்டு எடுக்கப்படும் ஓர் எழுத்து உண்டு, பல கண் ஓகாரம், 42606. பதினைந்தாம் நூற்றாண்டுச் சங்கீதச் சுவடி ஒன்றில் "பல கண்களுடைய" தேவதூதரைச் சொல்லும் இடத்தில் வந்தது அது. யூனிகோட் அட்டவணையில் ஏழு கண்களோடு வரையப்பட்டு, 2022இல் பதிப்பு 15.0இல் பத்தாகத் திருத்தப்பட்டது. உங்கள் எழுத்துருவில் ஏழு கண் தெரிந்தால் எழுத்துரு பழையது, எண்ணில் குற்றமில்லை.

எண்ணிலக்கங்களில் ஒன்று தள்ளும்

இரு எழுத்துமுறைகளிலும் எழுத்தே இலக்கமாகவும் நிற்கும். ஆனால் கிளாகோலிட்டிக் தன் அகரவரிசைப்படி போகும், சிரிலிக் கிரேக்க வரிசைப்படி போகும். கிளாகோலிட்டிக்கில் அசு 1, புக்கி 2, வேதே 3, கிளாகோலி 4, தோப்ரோ 5. சிரிலிக்கில் புக்கிக்கு மதிப்பே இல்லை; அதனால் வேதே 2, கிளாகோலி 3, தோப்ரோ 4. பெயர்ப்பலகைக்கு ஆண்டையோ சுவடிக்கு அத்தியாய எண்ணையோ எழுத்துக்கு எழுத்து மாற்றினால் தொகை பிழைக்கும். இலக்கங்களை மதிப்பைப் பார்த்தே மாற்றுங்கள்.

எழுத்துரு

எண் சரியாக இருந்து பெட்டி தெரிந்தால் பதற வேண்டாம். எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 10இல் செகோ யூஐ ஹிஸ்டாரிக் என்ற எழுத்துருவில் கிளாகோலிட்டிக் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் கிளாகோலிட்டிக் இலவசம். பழைய சிரிலிக்கும் கிளாகோலிட்டிக்கும் ஒரே எழுத்துருவில் வேண்டுமென்றால் ஷஃபாரிக். எதை நிறுவினாலும் இரண்டு எண்களை அடித்துச் சோதியுங்கள்: 122880, 11359. முதலாவது மேலெழுத்து; இரண்டாவது 2021இல் பதிப்பு 14.0இல் கடைசியாகச் சேர்ந்த இணையின் சின்ன எழுத்து. இரண்டும் பெட்டியாகாமல் வந்தால் எழுத்துரு புதியது.

மேற்குறி எழுத்தின் மேல் ஏறாமல் வலப்பக்கம் தள்ளி நின்றால், பெரும்பாலும் அடி எழுத்து ஓர் எழுத்துருவிலிருந்தும் குறி இன்னொன்றிலிருந்தும் வருகிறது. தன்னிடம் இல்லாததை வேர்ட் சொல்லாமல் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துத் தெரிவுசெய்து ஒரே எழுத்துருவைக் கொடுங்கள்.

சேமிக்கும்போது

நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில், யூனிகோட் எண்களைக் கோப்பில் பதியும் முறையான யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். ஆன்சி என்ற பழைய முறை இருந்தால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியானது திரும்ப வராது. எக்செலில் சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) சேமித்தாலும் இதே சேதம். "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற தெரிவை எடுங்கள். வேறொருவர் அனுப்பிய சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறந்ததும் புள்ளியும் கோடுமாகக் குப்பை வந்தால் நிலைமை வேறு. உள்ளே எழுத்து நலமாக இருக்கலாம். சேமிக்காமல் மூடுங்கள். தரவு இறக்கும் வழியாகத் திறந்து, குறியாக்கமாக 65001ஐ, அதாவது யூடிஎஃப்-8ஐ, தெரிவுசெய்யுங்கள்.

எழுத்துரு ஒன்றுமில்லாமலே கோப்பைச் சோதிக்க வழி உண்டு. ரோங்காவின் நான்கு எழுத்தை மட்டும் நோட்பேடில் ஒட்டி யூடிஎஃப்-8இல் சேமித்து, கோப்பின் பண்புகளில் அளவைப் பாருங்கள். தமிழைப் போலவே கிளாகோலிட்டிக்கும் எழுத்துக்கு 3 பைட். ஆகவே 12 பைட் வர வேண்டும். கோப்புத் தலைக்குறி சேர்த்துச் சேமித்திருந்தால் 15. அளவு 8 என்றால் யாரோ சிரிலிக்கில் அடித்திருக்கிறார்கள், அதற்கு எழுத்துக்கு 2 பைட். 4 என்றால் உள்ளே இருப்பது கேள்விக்குறி, அல்லது பழைய எழுத்துருவின் ஆங்கில எழுத்து. மேலெழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 4 பைட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பழைய 'யூடிஎஃப்8' அமைப்பு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. அடி எழுத்துகள் சரியாகப் போய், மேலெழுத்து வந்த இடத்தில் பதிவு மறுக்கப்படும் அல்லது அங்கேயே வெட்டுப்படும். அட்டவணையை யூடிஎஃப்8எம்பி4 என்று தொடக்கத்திலேயே அமையுங்கள்.

தமிழ்ப் பெயரை இந்த எழுத்தில் கேட்டால்

கேட்பார்கள். "கோணமலை"யை எடுத்தால் காக்கோ, ஓனு, நாஷி, அசு, மிஸ்லிதே, அசு, லியுதியே, அசு, இகரம்: ⰽⱁⱀⰰⰿⰰⰾⰰⰻ என்று வரும். இதில் நெடில் போய்விட்டது. ண, ந, ன மூன்றும் ஒரே நாஷி ஆகிவிட்டன. ல, ள, ழ மூன்றுக்கும் லியுதியே ஒன்றுதான். மெய்யில் முடியும் பெயருக்குக் கடைசியில் யெரு சேர்த்தால் பழைய முறைக்குப் பொருந்தும். இதை வாடிக்கையாளரிடம் அச்சுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

துணிக்கோ பலகைக்கோ அனுப்பும் கோப்பில் எழுத்தை வளைகோடாக மாற்றிய பிறகு அதில் எண் இல்லை, படம் மட்டுமே. எனவே மாற்றும் முன் எழுத்துக் கோப்பைத் தனியே சேமியுங்கள். அதை எக்செலில் மறுபடி ஒட்டி, எழுத்து எழுத்தாகப் பிரித்து, யூனிகோட் ஃபங்ஷனால் எண்களைத் திரும்ப எடுத்து இரண்டாவது தாளின் மூன்றாவது நிரலோடு ஒப்பிடுங்கள். ஒப்பிடுபவர் ஏற்றியவராக இல்லாமல் இன்னொருவராக இருக்கட்டும். அவர் எண்ணை வாசிக்க, நீங்கள் மூலப் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.